வாசகர் கேள்வி – பதில்: மூட்டிவிடுகிறவர்கள்

கோள் சொல்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய நான்கு வரிப் பதிலுக்குப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாரும் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எவர் பெயரும் ஊரும் இல்லாமல் கேள்விகளை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன். இந்த இதழின் பகுதி முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே.

கேள்வி: நானும் என் ஓரகத்தியும் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. அவர் என்னைப் பற்றிச் சொன்னவற்றை என் கணவரின் சித்திதான் அவ்வப்போது எனக்குத் தெரிவித்து வந்தார். அண்மையில் ஒரு துக்க வீட்டில் ஓரகத்தியோடு தனியே இருக்க நேர்ந்தபோது, நான் சொன்னவையாக அவருக்கும் அதே சித்தி பலவற்றைச் சொல்லியிருப்பது தெரியவந்தது. ஆனால் சித்தி சொன்னவற்றில் பெரும்பகுதி பொய்யல்ல. நாங்கள் இருவருமே அப்படிப் பேசியவர்கள்தாம். பொய் சொல்லாத ஒருவரை எப்படிக் குற்றம் சொல்வது?

பதில்: கோள் சொல்பவர் என்றால் பொய் சொல்பவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால்தான், உண்மையைச் சொல்லியே உறவை முறிப்பவர் நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார். பொய் என்றேனும் ஒருநாள் வெளுத்துவிடும் என்பது இதில் தேர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் சொல்லை மாற்றுவதில்லை. அந்தச் சொல் எந்த இடத்தில், எதற்கு மறுமொழியாக, எந்தக் குரலில் சொல்லப்பட்டதோ அவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் முதுகுவலியை நினைத்து, ‘இந்த வேலையெல்லாம் அவளுக்கு ஒத்துவராது, அவளிடம் கொடுக்காதீர்கள்’ என்று ஓரகத்தி பரிந்து சொல்லியிருக்கலாம். ‘இந்த வேலையெல்லாம் அவளுக்கு ஒத்துவராது’ என்ற அளவில் அது உங்களிடம் வந்து சேரும்போது, அதில் ஒரு சொல்கூட மாறவில்லை என்று சித்தி எவர் முன்னும் சத்தியம் செய்ய முடியும். சொல் மாறாமலே பொருள் தலைகீழாகிவிட்டது என்பதற்காக அவரைக் குற்றம் சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம்.

உள்நோக்கம் எதுவும் இல்லாதபோதே ஒரு செய்தி வாய் மாறும்போது என்ன பாடுபடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்களான கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார்கள். ஒரு படத்தைப் பார்த்தவர் அதைப் பார்க்காத ஒருவருக்கு விவரிக்க, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இப்படியே ஐந்தாறு வாய் கடப்பதற்குள் விவரங்களில் சுமார் 70 விழுக்காடு உதிர்ந்துபோனது. எஞ்சிய சில விவரங்கள் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டன. அதோடு, கேட்பவர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த எண்ணத்துக்கு ஏற்றபடி அவை வளைந்தும் போயின. எவரும் எவர் மீதும் பகை கொள்ளாத ஓர் ஆய்வறையிலேயே இது நடந்தது. எதை உதிர்க்க வேண்டும், எதைக் கூர்மையாக்க வேண்டும் என்பதை அறிந்த ஒருவரின் வாய்வழியே வரும் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

சித்தி உங்களிடமிருந்து சொற்களை எப்படிப் பெற்றார் என்பதையும் சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அவரே முதலில் ஓரகத்தியைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியிருப்பார். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்திருப்பார். மரியாதைக்காக நீங்கள் சொன்ன ஓர் ‘ஆமாம்’ மறுநாள் அங்கே உங்கள் வாக்குமூலமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ‘நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே’ என்ற வேண்டுகோள் ஒவ்வொரு முறையும் இறுதியில் வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பார்ப்பதற்கு அது சொல்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வேண்டுகோளாகத் தோன்றினாலும், உங்கள் இருவருக்கும் இடையே இருந்த நேர்வழியை அடைத்தது அந்த ஒரு வரிதான். ஓரகத்தியிடம் போய், ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்களா?’ என்று கேட்கும் உரிமையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார். அவருடைய வலிமை முழுவதும் அதில் இருக்கிறது, நாவன்மையில் இல்லை.

ஆகவே, இப்போது செய்ய வேண்டியது சித்தியை நடுவீட்டில் நிறுத்தி வழக்குரைப்பது அன்று. அப்படிச் செய்தால் யார் எதைச் சொன்னார்கள் என்று கணக்கெடுப்பதிலேயே உங்கள் உறவு மறுபடியும் உடையும். ஓரகத்தியைச் சந்தியுங்கள். சித்தி சொன்ன பட்டியலை எடுத்துப்போக வேண்டாம்; நீங்கள் உண்மையாகவே பேசியவற்றில் எவை அவரைப் புண்படுத்தியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ அவற்றை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். இனி எவர் எதைக் கொண்டுவந்தாலும் அன்றைக்கே ஒருவரையொருவர் கேட்டுவிடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சித்தி அடுத்த முறை தொடங்கும்போது, ‘அவரும் வந்துவிடட்டும் சித்தி, சேர்ந்தே பேசலாம்’ என்று குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும். வயதில் பெரியவருக்குக் காட்ட வேண்டிய மரியாதை அதில் குறையாது. அடைபட்ட வழியும் திறந்திருக்கும்.

கேள்வி: இப்படிச் செய்பவருக்கு என்னதான் கிடைக்கிறது? இணைபிரியாமல் இருந்த இருவரைப் பிரித்துவிட்ட ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அதனால் அவருக்குப் பணமும் வரவில்லை, பதவியும் உயரவில்லை.

பதில்: கிடைக்கும் ஆதாயத்தைப் பணமாகவும் பதவியாகவும் மட்டும் பார்த்தால் இந்த மனிதர்கள் நமக்குப் புதிராகவே இருப்பார்கள். குறளின் 19ஆம் அதிகாரமான புறங்கூறாமையில் 187ஆவது குறள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. மகிழ்ச்சியூட்டும்படி பேசி நட்புக் கொள்ளத் தெரியாதவர்களே பிளவுபடப் பேசி நண்பர்களைப் பிரிக்கிறார்கள் என்பது அதன் கருத்து. அதைத் தீயவர்களின் இயல்பாகச் சொல்லாமல் ஒரு திறமையின் இல்லாமையாகச் சொல்லியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும். நட்பை உண்டாக்கத் தெரியாத ஒருவருக்கு, பிறர் நட்பு தாம் நுழைய முடியாத ஒரு வீடு. உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்தால்தான் அவர்களோடு பேச முடியும் என்பது அவருடைய கணக்கு. உங்கள் அலுவலகத்தில் பிரிந்த அந்த இருவரும் இப்போது தனித்தனியே யாரிடம் போய் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்; அவருக்குக் கிடைத்தது என்னவென்று தெரிந்துவிடும்.

பஞ்சதந்திரத்தின் முதற்பகுதியான மித்திரபேதத்தில் வரும் தமனகன் என்ற நரியை எல்லாரும் சிங்கத்தையும் எருதையும் பிரித்த நரியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்த எருதைச் சிங்கத்திடம் அழைத்து வந்து நட்பாக்கியதே அந்த நரிதான் என்பதை மறந்துவிடுகிறோம். சேர்த்துவைத்தவன் என்ற பெருமை முதலில் அதற்குக் கிடைத்தது. சேர்ந்த இருவரும் தம்மளவில் நெருங்கி, இடையில் இருந்த நரியின் தேவை தீர்ந்துபோனபோது, பிரிக்கும் வேலையைத் தொடங்கியது. நடுவில் இருக்கும் இடம் பறிபோவதைத் தாங்க முடியாதவர்கள் உண்மை வாழ்விலும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். தம் தவற்றிலிருந்து பிறர் பார்வையைத் திருப்புவதற்காகக் குட்டையைக் குழப்புபவர்களும் உண்டு. அவர்களை அடையாளம் காண்பது எளிது, ஏனென்றால் அவர்களிடம் கணக்குக் கேட்கும் நேரத்தில்தான் சண்டை மூளும்.

அந்தக் கதை வடமொழியில் நரி அமைச்சனாக வாழ்வதோடு முடிகிறது. எட்டாம் நூற்றாண்டில் அதை அரபு மொழியில் எழுதிய இப்னுல் முகஃப்பாவால் அந்த முடிவை ஏற்க முடியவில்லை போலும். நரியை விசாரணைக்கு நிறுத்தித் தண்டனை வாங்கித் தரும் ஒரு முழு அத்தியாயம் அரபு வடிவத்தில் கூடுதலாக இருக்கிறது. எருது இறந்த பிறகுதான் அங்கும் விசாரணை நடக்கிறது.

கேள்வி: ‘நாரதர் கலகம் நன்மையில் முடியும்’ என்று சொல்லித் தம் செயலை நியாயப்படுத்தும் ஒரு நண்பருக்கு என்ன மறுமொழி சொல்வது?

பதில்: அந்தக் கதைகளில் நாரதர் கலகம் முடியும் வரை அங்கேயே இருக்கிறார், தாம் சொன்னதைத் தாம் சொன்னதாகவே ஒப்புக்கொள்கிறார். உங்கள் நண்பர் தாம் பற்றவைத்த சண்டை நடக்கும் இடத்துக்கு வந்து, இருவர் முன்னிலையிலும் ‘நான்தான் சொன்னேன்’ என்று நிற்பாரா என்று கேளுங்கள்.

கேள்வி: என் தோழியைப் பற்றி அவளோடு நெருங்கிப் பழகும் ஒருத்தி மிகவும் மோசமாகப் பேசுவதைக் கேட்டேன். இதைத் தோழியிடம் சொன்னால் நானும் கோள்சொல்லி ஆகிவிடுவேனா? சொல்லாவிட்டால் துரோகம் செய்தவளாகிவிடுவேனா?

பதில்: கேட்டது ஒரு கருத்தா, ஒரு திட்டமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ‘அவள் கஞ்சத்தனம் பிடித்தவள்’ என்பது கருத்து. அதைத் தோழியிடம் சேர்ப்பதால் அவள் எதிலிருந்தும் தப்பப்போவதில்லை, தூக்கத்தைத் தவிர எதையும் இழக்கவும் போவதில்லை. ‘அவள் கொடுத்த கடனைத் திருப்பித் தரப்போவதில்லை’ என்றோ ‘அவள் நம்பிச் சொன்னதை நாளை எல்லாரிடமும் சொல்லப்போகிறேன்’ என்றோ கேட்டிருந்தால், அது தோழி தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான செய்தி; அதை மறைப்பதுதான் தவறு.

சொல்வதென்று முடிவு செய்தால், பேசியவளிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: ‘நீ பேசியது என் காதில் விழுந்தது, நீயே அவளிடம் சொல்லிவிடு, இல்லையென்றால் நான் சொல்ல வேண்டியிருக்கும்.’ இதைச் சொல்லத் துணிவு இல்லையென்றால், நீங்கள் சுமந்துசெல்லவிருப்பது எச்சரிக்கைதானா என்பதை இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. தோழியிடம் சொல்லும்போது கேட்டதை மட்டும் சொல்லி, எந்த இடத்தில் எந்தப் பேச்சின் நடுவில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘அவளுடைய குணமே அப்படித்தான், எனக்கு முன்பே தெரியும்’ என்ற உங்கள் தீர்ப்பு வேண்டாம். அந்தத் தீர்ப்பு சேரும் இடத்தில்தான் எச்சரிக்கை கோளாகிறது.

கேள்வி: நான் ஒரு பிரிவின் பொறுப்பாளர். எனக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் அடிக்கடி என் அறைக்கு வந்து, இன்னொருவரைப் பற்றி ‘உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்’ என்று பல செய்திகளைச் சொல்வார். அவற்றை நம்பி அந்த இன்னொருவரை முக்கியமான ஒரு பணியிலிருந்து நீக்கினேன். சொல்லப்பட்டவை சரியில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. அவர் இப்போது வேலையை விட்டே போய்விட்டார். கோள் சொன்னவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு உங்களைப் பற்றியும் இருக்க வேண்டும் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. இருந்தும் கண்ணகியின் ‘தேரா மன்னா’ என்ற சொல் பாண்டியனை நோக்கித்தான் பாய்கிறது. அந்த விசாரணை எவ்வளவு எளியது என்பதை நினைத்துப் பாருங்கள். சிலம்புக்குள் இருக்கும் பரல் எது என்ற ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தவுடன் வழக்கு முடிந்துவிட்டது. கோவலன் உயிரோடு இருந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஊடல் கொண்ட அரசியைத் தணிக்கப் போகும் வழியில், நின்ற நிலையில், ஒருவன் சொல்லைக் கேட்டு மன்னன் ஆணையிட்டுவிட்டான். தவற்றை உணர்ந்தபோது ‘யானே கள்வன்’ என்று அவன் தன்னைத்தான் சொல்லிக்கொண்டான்.

உங்கள் அறைக்கு வந்தவரிடம், ‘இதை அவரை அழைத்து வைத்துக்கொண்டு கேட்கட்டுமா?’ என்று ஆறு மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் உங்களுக்கும் பரலின் நிறம் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்காததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்குத் தனியே வந்து சேரும் செய்தியில் ஒரு சுவை இருக்கிறது. நமக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார், நமக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்ற நிறைவை அது தருகிறது. குடும்ப உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், இருவருக்கு இடையே மன இறுக்கம் கூடும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வது மனித உறவுகளின் பொது இயல்பு என்று காட்டி, அதை முக்கோணம் என்று குறித்தார். அந்த முக்கோணத்தில் மூன்றாமவராக இருந்தவர் நீங்கள். காது கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் எந்தக் கோளும் ஒரு வாரம் தாங்காது.

வேலையை விட்டுப் போனவருக்கு நீங்கள் செய்ய வேண்டியது நடவடிக்கைக்கு முந்தியது. விசாரிக்காமல் முடிவு செய்தது தவறு என்று அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவரைப் பற்றிய தவறான செய்தி எவரெவருக்குப் போயிற்றோ அவர்களுக்கும் தெரிவியுங்கள். அதன் பிறகு கோள் சொன்னவரை அழைத்து, அவர் தரப்பையும் முழுமையாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவர் விஷயத்திலும் ஒருபக்கம் மட்டும் கேட்டு முடிவு செய்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் மூத்தவர்கள் ஒரு பக்கம், புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம் என்று பிளவு வந்துவிட்டது. யாரோ ஒரு சிலர் இரண்டு பக்கமும் தூபம் போடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. யார் என்று பிடிக்க முடியவில்லை. பிடிக்காமல் ஒற்றுமை வருமா?

பதில்: வரும். ஆளைப் பிடிப்பதில் இறங்கினால் அதுவே அடுத்த கலகமாகிவிடும்.

இரு குழுக்களுக்கு இடையே பகை எப்படி உண்டாகிறது என்பதைக் கண்டறிய, துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் முசாஃபர் ஷெரீப் சிறுவர் முகாம்களில் ஆய்வுகள் நடத்தினார். 1954இல் ஓக்லஹோமா மாநிலத்தில் 11 வயதை ஒட்டிய 22 சிறுவர்களை, ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாதபடி இரண்டாகப் பிரித்து வைத்தார். பின்பு பரிசுப் போட்டிகளில் மோதவிட்டவுடன் கொடியை எரிப்பது, அறையைச் சூறையாடுவது என்று பகை மூண்டது. தண்ணீர் வரும் வழி அடைபட்டதைச் சேர்ந்து சரிசெய்வது போன்ற, ஒரு குழு தனியே முடிக்க முடியாத வேலைகளை முன்வைத்தபோதுதான் அது தணிந்தது. இந்த ஆய்வு பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் தோற்றுப்போன ஆய்வைப் பற்றி. அங்கே சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, நட்பு உண்டான பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். போட்டியால் மட்டும் பகை வளராததைக் கண்டு, முகாமை நடத்தியவர்களே மறைவாக ஒரு குழுவின் பொருள்களுக்குச் சேதம் விளைவித்துவிட்டு, மற்றக் குழுவின் மீது ஐயம் விழும்படி செய்தார்கள். பாதிக்கப்பட்ட சிறுவர்கள் மற்றவர்களிடம் போய் நேரே கேட்டார்கள். அவர்கள் வேதாகமத்தின் மீது கை வைத்துத் தாங்கள் செய்யவில்லை என்று சத்தியம் செய்தார்கள். நீயும் இல்லை, நானும் இல்லை என்றால் இதைச் செய்வது முகாமை நடத்துகிறவர்கள்தாம் என்ற முடிவுக்குச் சிறுவர்களே வந்துவிட்டார்கள். ஆய்வைக் கைவிட வேண்டியதாயிற்று. படித்த, தேர்ந்த ஆய்வாளர்கள் திட்டமிட்டு மூட்டிய கலகம், பிரிவதற்கு முன் சில நாள் கூடி விளையாடிய சிறுவர்களிடம் பலிக்கவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து மனிதர்கள் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கை சற்றுக் கூடியிருக்கிறது என்றே சொல்வேன்.

உங்கள் சங்கத்தில் மூத்தவரும் புதியவரும் கலந்து செய்ய வேண்டிய வேலை எது என்று பாருங்கள். குழுக்களை அமைக்கும்போது இரு பக்கத்தாரும் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். இரு பக்கத்திலும் நம்பத்தக்க ஒருவர், வந்த செய்தி எதுவானாலும் மற்றவரிடம் கேட்டு அறிந்த பிறகே தம் பக்கத்தாரிடம் பேசுவது என்று ஒப்புக்கொள்ளட்டும். தூபம் போட்டவர் யார் என்பது அதன் பின் தானாகவே தெரியவரலாம். தெரியாமலே போனாலும் இழப்பில்லை.

கேள்வி: இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நீங்கள் சென்ற இதழில் எழுதியது என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. என் நண்பர்கள் இருவரைப் பிரித்தவன் நான். அவர்கள் என்னைவிட ஒருவருக்கொருவர் நெருக்கமாக இருந்ததைப் பொறுக்க முடியாமல் செய்தேன். இன்றுவரை இருவருமே என்னை நம்புகிறார்கள். ஒருவர் தம் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவரை அழைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: கடிதங்களிலேயே படிக்கக் கடினமாக இருந்தது இதுதான், எழுதியவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதும் தெரிகிறது.

இருவரையும் அழைத்துச் சமாதானம் செய்துவைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். அதைச் செய்யாதீர்கள். அப்போதும் நடுவில் நீங்களே நிற்பீர்கள். முன்பு பிரித்தவராக நின்ற இடத்தில் இப்போது சேர்த்தவராக நின்று நன்றியும் பெற்றுக்கொள்வீர்கள். ‘யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். அந்த ‘யாரோ’ நீங்கள்தான் என்பது தெரிந்தால்தான் தாங்கள் இழந்த ஆண்டுகளுக்கு மற்றவர் காரணமில்லை என்று அவர்கள் நம்ப முடியும்.

இருவருக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு விதமாகவும் மற்றவருக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டாம். ஒரு சொல்கூட மாறாத இரண்டு படிகள், இரண்டிலும் இது இருவருக்கும் அனுப்பப்படுகிறது என்ற குறிப்போடு இருக்கட்டும். யாரைப் பற்றி யாரிடம் என்ன சொன்னீர்கள், அதில் எது உண்மை, எதை விட்டுவிட்டுச் சொன்னீர்கள், எதைக் கூட்டினீர்கள் என்று நினைவில் உள்ள அனைத்தையும் எழுதுங்கள். ஏன் செய்தீர்கள் என்பதற்கு நீங்கள் எனக்கு எழுதிய அந்த ஒரு வரி போதும்; அதற்கு மேல் விளக்கினால் அது இரக்கம் தேடுவதாகிவிடும். மன்னிப்புக் கேளுங்கள், மறுமொழி கேட்காதீர்கள்.

பெரும்பாலும் இருவரையுமே நீங்கள் இழப்பீர்கள், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மறுபடியும் பேசத் தொடங்கிவிட்டதாக வேறு எவர் வாயிலாகவாவது உங்களுக்குத் தெரியவரலாம். அப்போது அவர்களைப் பார்க்கப் போக வேண்டாம். அவர்களாகக் கூப்பிட்டால் போங்கள். திருமணம் இன்னும் நடக்கவில்லை என்றால் கடிதத்தை இன்றே அனுப்பிவிடுங்கள்.